அண்ணனிடம் நீதான் பேச வேண்டும்

சுங்கை சிப்புட்

அன்புள்ள லெட்சுமி,

இங்கே எல்லாரும் நலம். உன் வீட்டுக்காரர் முட்டிவலிக்கு டாக்டரைப் பார்த்தாரா, இல்லை இன்னும் தைலம்தானா? சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நம் மாலாவுக்கு இடம் கிடைத்துவிட்டது! அமெரிக்காவில் பிஏ, அதாவது டாக்டருக்குத் துணையாக நின்று சிகிச்சை செய்யும் ஃபிசிஷியன் அசிஸ்டன்ட் படிப்பு முடித்து லைசென்ஸ் தேர்வும் தேறினாள் அல்லவா? இப்போது இதய, நெஞ்சு அறுவைச் சிகிச்சைப் பிரிவில் ஒரு வருஷ மேற்பயிற்சிக்கு எடுத்திருக்கிறார்கள். கேட்டதும் உன் நினைவுதான் வந்தது. ஆபரேஷன் தியேட்டரில் கருவி எடுத்துக் கொடுத்தது போதும், அந்தப் பக்கம் நின்று நானும் தைக்கிறேன் என்று சிஸ்டரிடம் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவள் நீதானே!

அண்ணன்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். முழுச் சம்பளத்தில் வேலை காத்திருக்க, குறைந்த சம்பளத்தில் இன்னொரு வருஷம் எதற்கு என்கிறார். அது கட்டாயமான பயிற்சி இல்லைதான். வேலையில் சேர்ந்து பழகிக்கொள்பவர்களும் நிறைய. ஆனால் பிஏ படிப்பில் பிரசவத்திலிருந்து மனநலம் வரை எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம்தான் தொட முடியும். நெஞ்சைத் திறக்கும் தியேட்டருக்கு அது போதுமா, நீயே சொல்.

பைபாஸில் மேலே சர்ஜன் மார்புக்குள் இருக்கும் தமனியைப் பிரித்துக்கொண்டிருக்கும்போதே, கீழே காலிலிருந்து ரத்தக்குழாயை இதயத்தில் வைத்துத் தைக்க எடுப்பது பெரும்பாலும் இந்த பிஏக்கள்தானாம். 1967இல் கிளீவ்லாந்தில் ஃபவலோரோ என்ற சர்ஜன் கால் ரத்தக்குழாயை வைத்து பைபாஸ் செய்த பிறகுதான் அந்த முறை எங்கும் பரவியது. அந்தக் காலத்தில் கணுக்காலிலிருந்து தொடை வரை கிழிப்பார்களே, நாம் கட்டு மாற்றிய கால்களை மறந்திருக்க மாட்டாய். இப்போது முட்டியருகே சின்னக் கீறல் போட்டு, உள்ளே கேமராவை விட்டு, கிளைக் குழாய்களைச் சுட்டுப் பிரிக்கிறார்கள். கொஞ்சம் இழுத்துவிட்டாலோ சூடு பட்டாலோ குழாயின் உட்சுவர் கெட்டுவிடும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது, பிறகு அடைத்துக்கொள்ளும். இந்தக் கைப்பழக்கம் புத்தகத்தில் வருமா?

ஐசியு இன்னும் கடினம். ஆபரேஷனுக்குப் பிறகு நெஞ்சிலிருந்து ரத்தத்தை வடிக்கும் டிரெயின் குழாயில் வந்துகொண்டிருந்த ரத்தம் சட்டென்று நின்றால் புதிதாக வந்தவள் நிம்மதியாகிவிடுவாள். உனக்கும் எனக்கும் வயிறு கலங்கும். குழாய் உறைந்து அடைத்து, ரத்தம் இதயத்தைச் சுற்றித் தேங்கி நெரிக்கலாம். பிரஷர் விழும், கழுத்து நரம்பு புடைக்கும், சில நேரம் படுக்கையிலேயே நெஞ்சை மறுபடி திறக்க வேண்டி வரும். நடு ராத்திரியில் இதை முதலில் பார்க்கப் போகிறவளுக்கு, பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க ஆள் உள்ள ஒரு வருஷம் வேண்டாமா? இந்த ஒன்றை நினைத்துத்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை, லெட்சுமி. அவளுக்காக மட்டுமல்ல, அந்தப் படுக்கையில் கிடக்கப் போகிறவர்களுக்காகவும்தான்.

ஆனால் அண்ணன் மனத்தில் இருப்பது சம்பளம் இல்லை. "டாக்டரும் இல்லை, நர்சும் இல்லை, இது என்ன வேலை?" என்று அன்று வெடித்துவிட்டார். பால்மரம் வெட்டும் கத்தி அவர் கையைப் பிளந்தபோது தையல் போட்டது யார்? நம் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துக் கட்டுப் போடும் டிரெஸ்ஸர்தானே! அவரை டாக்டர் இல்லை என்று யாராவது ஒதுக்கினோமா? அவர் வழியில் வந்தவர்களுக்குத்தான் இங்கே மலேசியாவில் 1977இல் தனிப் பதிவுச் சட்டமே வந்தது. இன்று அவர்கள் உதவி மருத்துவ அதிகாரிகள். அங்கேயும் அதே கதைதான். 1965இல் டியூக் பல்கலைக்கழகத்தில் பிஏ படிப்பு ஆரம்பித்தபோது முதலில் சேர்ந்தவர்கள் கடற்படையில் மருத்துவ உதவி செய்து பழகியவர்கள். 1971இலேயே நியூயார்க்கின் மாண்டிஃபியோர் மருத்துவமனையில் அவர்களுக்கென்று அறுவைச் சிகிச்சை மேற்பயிற்சி வந்துவிட்டது. நேற்று முளைத்த படிப்பில்லை இது.

மாப்பிள்ளைக்குச் சம்மதம், அண்ணிக்கும் சம்மதம். "அப்பா சரி என்று சொல்லாமல் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று மாலா நிற்கிறாள். என் பேச்சு அண்ணனிடம் எடுபடாது. நீ சொன்னால் கேட்பார், ஏன் என்று உனக்கே தெரியும். ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போய் வந்து பசியாறிய பிறகு கூப்பிடு, அப்போதுதான் நல்ல மனநிலையில் இருப்பார். சம்பளத்தில் ஆரம்பிக்காதே, டிரெஸ்ஸரில் ஆரம்பி. பேசி முடித்ததும் எனக்குப் போன் போடு, எவ்வளவு நேரமானாலும் பரவாயில்லை.

உன்
சரசு