சிறு குழிகளுக்கு ஓர் எண் கொடுங்கள்

சென்னை நகரின் மயானங்களுக்கும் அவற்றின் பதிவேடுகளுக்கும் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

மழைக்காலத்துக்கு முன் மயானங்களைச் சுத்தம் செய்வது நல்ல வழக்கம். நகரின் ஒரு மயானத்தில் இந்த ஆண்டும் அந்த வேலை நடந்தது. புதர் வெட்டினார்கள், குப்பை அள்ளினார்கள், ஜேசிபி வைத்துத் தரையைச் சமப்படுத்தினார்கள். பெரியவர்களின் குழிமேல் சிமெண்ட் மேடையும் டைல்ஸும் பெயர்க் கல்லும் இருந்ததால் வண்டி ஒதுங்கிப் போனது. மதில் ஓரமாக இருந்த குழந்தைகள் பகுதியில் ஒதுங்கிப் போக எதுவும் கண்ணில் படவில்லை. மத்தியானத்துக்குள் அது வெறும் தரையாகிவிட்டது. வண்டி ஓட்டியவரையோ மயானப் பணியாளரையோ நாங்கள் குறை சொல்ல மாட்டோம். இங்கே குழி இருக்கிறது என்று அவர்களிடம் சொல்ல அங்கே ஒரு கல்கூட இல்லை.

அந்த ஒரு கல்லைக் கேட்டுத்தான் இந்த மடல். கல்லில் ஓர் எண். அதே எண் பதிவேட்டில். வேறு எதுவும் வேண்டாம்.

சின்னப் பிள்ளைகளை எரிப்பதில்லை, புதைப்பதே இங்கே பெரும்பாலானோர் வழக்கம் என்பது நீங்கள் அறிந்ததுதான். பள்ளிக்கூடம் போகும் வயதுப் பிள்ளை என்றால் நாலு, நாலரை அடி நீளம், இரண்டடி அகலம், நாலடி ஆழம். உப்பு, மஞ்சள், விபூதி போட்டு, மண்ணைத் தள்ளி, மிஞ்சிய மண்ணை ஒரு முழ உயரத்துக்கு மேடாக்கி, நாய் கிளறாமல் இருக்க முள் வைப்பார்கள். மூன்றாம் நாள் பால் தெளிப்பார்கள். அதோடு சரி. பெரியவர்களுக்கு வருஷா வருஷம் திதி உண்டு. அதைச் சாக்கிட்டாவது யாராவது வந்து மேட்டைத் திருத்துவார்கள். பிள்ளைகளுக்குத் திதி கிடையாது என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். புத்திர சோகத்தில் இருக்கும் பெற்றோர் அந்தப் பக்கம் திரும்பவே அஞ்சுவதும் உண்டு. தளர்வாக நிரப்பிய மண் வடகிழக்குப் பருவமழையில் இறுகி உட்காரும். முழ உயர மேடு முதல் மழையில் தரைமட்டமாகும். அடுத்த மழையில் அதே இடம் பள்ளமாகித் தண்ணீர் தேங்கும், கோரை முளைக்கும். மூன்றாவது மழைக்குப் பிறகு அங்கே ஒரு பிள்ளை படுத்திருக்கிறது என்று அடையாளம் சொல்ல, புதைத்தவர் ஒருவரைத் தவிர யாராலும் முடியாது.

அந்த இடத்தைத் தேடி 20 வருஷம், 30 வருஷம் கழித்து வருபவர்கள் யார் தெரியுமா? பெரும்பாலும் பெற்றோர் இல்லை. கூடப் படித்தவர்கள்.

பெரியவர் செத்தால் தெருவே கூடிப் போகும். பிள்ளை செத்தால் அதன் நண்பர்களைத் தெருமுனையில் நிறுத்திவிடுவார்கள். “சின்னப் பசங்க வரக் கூடாது, போங்க வீட்டுக்கு.” பெண் பிள்ளைகளை வாசலைக்கூடத் தாண்ட விட மாட்டார்கள். பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தவன், ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவள், எங்கே கொண்டு போனார்கள், எந்தப் பக்கம் வைத்தார்கள் என்று எதையுமே அவர்கள் பார்த்ததில்லை. அவர்கள் வளர்ந்து, வேலைக்குப் போய், பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளை ஆறாம் வகுப்புக்குப் போகிற வருஷத்தில்தான் அந்தப் பழைய முகம் திரும்ப வருகிறது. ஒருமுறை போய் ஒரு பூ வைத்துவிட்டு வரலாம் என்று தோன்றுகிறது. அதற்குள் அப்பா காலமாகியிருப்பார், அம்மா ஊரோடு போயிருப்பார், இருந்த வீடு அடுக்குமாடியாகியிருக்கும்.

அப்படி வருகிறவர்கள் கையில் ஒரு வகுப்புப் புகைப்படம் இருக்கும். பெயர் தெரியும், அதுவும் பள்ளிக்கூடத்துப் பெயர். பதிவேட்டில் வீட்டுப் பெயர் இருக்கலாம், அப்பா பெயரை மட்டும் தெளிவாக எழுதி, பிள்ளை பெயரை அவசரத்தில் பாதியாகக் கிறுக்கியிருக்கலாம். தேதி தெரியாது, “அரையாண்டுப் பரீட்சைக்கு முந்தின வாரம்” என்பது தெரியும். பதிவேடோ நாள் வரிசையில் மட்டும் இருக்கும். ஒரு மாதத்து ஏட்டைப் புரட்ட வேண்டும் என்று கேட்டால் மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கேள்வி வரும்: “நீங்க என்ன உறவு?”

நண்பன் என்று சொன்னால் புத்தகம் மூடப்படுகிறது. கேட்பவர் கெட்டவர் இல்லை. அவரிடம் இருக்கும் படிவத்தில் தாய், தந்தை, கணவன், மனைவி, மகன், மகள் வரைதான் கட்டம் இருக்கிறது. ஆனால் சட்டம் அப்படிச் சொல்லவில்லை ஐயா. 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், 17ஆம் பிரிவில், ‘எவரும்’ என்றுதான் சொல்கிறது. விதிப்படி கட்டணம் செலுத்தி இறப்புப் பதிவை எவரும் தேடச் சொல்லலாம், நகல் பெறலாம். இறப்பின் காரணம் மட்டும் அந்த நகலில் வெளிப்படக் கூடாது. உறவா, இல்லையா என்று பாராளுமன்றம் கேட்காத கேள்வியை மயான வாசலில் கேட்க வேண்டாம் என்று பணிவோடு சொல்லிக்கொள்கிறோம்.

அந்த நகலைக் கையில் வாங்கினாலும் பாதிதான் தீரும். இறப்புச் சான்றிதழில் இறந்த இடம் இருக்கும்; புதைத்த இடம் இருக்காது. அது மயானத்துப் பதிவேட்டில் மட்டும்தான். அதிலும் “புதைக்கப்பட்டது” என்ற சொல்லோடு நின்றுவிடுகிறது. எங்கே என்பது பணியாளரின் ஞாபகத்தில் இருக்கிறது. அவர் ஓய்வு பெற்றால் அதுவும் அவரோடு போகிறது.

எண் கல் ஒன்றும் பெரிய செலவில்லை. 18 அங்குல நீளம், 6 அங்குல அகலம், 4 அங்குலக் கனம். ஒரு பங்கு சிமெண்டுக்கு இரண்டு பங்கு மணல், நாலு பங்கு ஜல்லி. கல் சின்னது என்பதால் 12 எம்எம் ஜல்லி போதும். இந்தக் கணக்கில் ஒரு மூட்டை சிமெண்டில் 20 கல்லுக்குக் குறையாமல் வார்க்கலாம். ஒரு கல் 17 கிலோ அளவில் இருக்கும், ஒரே ஆள் தூக்கிவிடலாம். உள்ளே கம்பி வைக்க வேண்டாம். கடலுக்கு இத்தனை கிட்டத்தில் உப்புக் காற்றில் கம்பி துருப்பிடித்து ஊதி, கல்லையே பிளந்துவிடும். எண்களைப் பெயிண்டில் எழுத வேண்டாம், இரண்டு மழை தாங்காது. அச்சுப் பலகையிலேயே எண்ணைத் திருப்பி வைத்து வார்த்தால் கல்லோடு கல்லாக நிற்கும். ஏழு நாள் தண்ணீர் விட்டு ஆற வைக்க வேண்டும். முன்கூட்டியே வார்த்து அடுக்கி வைத்துக்கொண்டால் துக்க வீட்டாரைக் காக்க வைக்க வேண்டியதில்லை.

நடுவதில்தான் தவறு நடக்கும். குழிக்குள் நிரப்பிய புது மண்ணில் நட்டால், மண் உட்காரும்போது கல்லும் சாய்ந்து, விழுந்து, ஒரு வருஷத்தில் யாரோ வீட்டுப் படிக்கட்டில் கிடக்கும். தலைமாட்டுக்கு அரை அடி தள்ளி, வெட்டுப்படாத கெட்டி மண்ணில் ஓர் அடி இறக்கி, அரை அடி மட்டும் வெளியே தெரியும்படி நட வேண்டும்.

கல் போனாலும் இடம் போகாமல் இருக்க ஒரு வழி உண்டு. மதில் மூலை, கிணறு, பம்ப் ரூம் என்று நகராத இரண்டு இடங்களிலிருந்து டேப் பிடித்து, இரண்டு அளவையும் பதிவேட்டில் எண்ணுக்கு எதிரே எழுதினால் போதும். அந்த இரண்டு அளவும், குழி எந்தப் பக்கம் என்ற குறிப்பும் இருந்தால், நாளைக்கு ஜேசிபி ஓடினாலும் அந்த இடத்தைத் திரும்பக் கண்டுபிடிக்கலாம். செல்போனில் லொகேஷன் எடுத்துக்கொள்ளலாமே என்று யாராவது யோசனை சொல்லலாம். அது ஐந்து மீட்டர் தள்ளிக் காட்டினாலே போதும். அந்த வட்டத்துக்குள் சின்னக் குழிகள் ஐம்பதுக்கு மேல் அடங்கிவிடும். டேப்தான் சரி. பதிவேட்டை ஜெல் பேனாவில் எழுத வேண்டாம், பல ஜெல் மைகள் ஈரம் பட்டால் கரைந்துவிடும். பால்பாயின்ட் பேனா நிற்கும். தரையோடு தரையாக இருக்கும் அறையின் கீழ்த் தட்டில் வைத்த ஏடு 2015 டிசம்பர் மாதிரியோ 2023 டிசம்பர் மாதிரியோ இன்னொரு வெள்ளம் வந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. மேல் தட்டில் வையுங்கள். மாதம் ஒருமுறை பக்கங்களைப் படம் எடுத்து வேறு இடத்தில் சேமியுங்கள்.

இடம் இல்லை என்பது உண்மை. அதை மறுக்கவில்லை. ஒரே இடத்தைத் திரும்ப வெட்டத்தான் வேண்டியிருக்கிறது. கடப்பாரையை இறக்கிப் பார்த்து, கெட்டியாக இருக்கும் இடத்தில் வெட்டாமல், வரிசைக் கணக்கில், மிகப் பழைய வரிசையிலிருந்து வெட்டச் சொல்லுங்கள். பழைய எண்ணை அடிக்காமல் அதற்கு எதிரே புதிய எண்ணையும் எழுதி வையுங்கள். ஒரே இடத்தில் இரண்டு பிள்ளைகள் என்பதில் எங்களுக்கு வருத்தமில்லை. அவர்களுக்கும் இருக்காது.

இந்த நகரத்துக்கு நினைவு வைக்கத் தெரியாமல் இல்லை. உயர் நீதிமன்றத்தை ஒட்டி, பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில், செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் கவர்னராக இருந்த எலிஹு யேலின் சின்ன மகன் டேவிட்டும், யேலின் நண்பர் ஜோசப் ஹின்மர்ஸும் அடங்கிய கல்லறை எழுந்தது 17ஆம் நூற்றாண்டில். தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் அதுவும் சேர்க்கப்பட்டது. ஒரு பிள்ளைக்கும் ஒரு நண்பருக்கும் 300 வருஷத்துக்கு மேல் அடையாளம் இருந்திருக்கிறது. நவம்பர் 2ஆம் தேதி கல்லறைத் திருநாளில் கீழ்ப்பாக்கத்திலும் காசிமேட்டிலும் போய்ப் பாருங்கள். கழுவி, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றியிருப்பார்கள். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை கடல் கொண்டுபோன பிள்ளைகளுக்குப் பால் ஊற்ற அந்தக் கடலாவது இருக்கிறது, தேதியும் ஊருக்கே தெரியும். டெங்குவில் போனவன், பள்ளிக்கூடம் போகிற வழியில் லாரியில் அடிபட்டவள், பரீட்சை முடிந்த சந்தோஷத்தில் மெரினாவில் இறங்கித் திரும்பாதவன், இவர்களுக்கு ஒரு தேதியும் இல்லை, ஒரு முழம் இடமும் இல்லை. எரிவாயுத் தகன மேடை கட்டுகிறார்கள், பேவர் பிளாக் பதிக்கிறார்கள், மதிலில் ஓவியம் வரைகிறார்கள். எல்லாம் நல்ல வேலைகள்தான். இத்தனையும் செய்கிற கைகளுக்கு மதில் ஓரத்து மூலை மட்டும் ஏன் எப்போதும் குப்பை கொட்டுகிற மூலையாகத் தெரிகிறது? தண்ணீர் தேங்கும் பள்ளத்தை ஏன் எப்போதும் பிள்ளைகளுக்கே ஒதுக்குகிறீர்கள்? பெரியவர்கள் வீட்டார் சண்டை போடுவார்கள், பிள்ளைகளுக்காகச் சண்டை போட யாரும் வர மாட்டார்கள் என்பதாலா?

மன்னிக்கவும். கேட்க வந்ததை விட்டு வார்த்தை நீண்டுவிட்டது. பணிவோடு கேட்பது இவ்வளவுதான். இனி புதைக்கும் ஒவ்வொரு பிள்ளையின் குழிக்கும் ஓர் எண் கல். அதே எண்ணும் இரண்டு அளவுகளும் பதிவேட்டில். தேடி வருகிறவரிடம் உறவு கேட்காமல் ஏட்டைத் திறந்து காட்டும்படி ஓர் உத்தரவு. கட்டம் வேண்டும் என்றால் ‘நண்பர்’ என்று ஒன்றைச் சேர்த்துவிடுங்கள்.

சமப்படுத்திய அந்த மூலையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. அங்கே நெடுநாளாக வேலை பார்க்கும் பணியாளர்களுக்கு இன்னும் கொஞ்சம் ஞாபகம் இருக்கும். வேப்ப மரத்திலிருந்து எத்தனை அடி, மதிலிலிருந்து எத்தனை அடி என்று அவர்களை நிற்க வைத்துக் கேட்டு, பழைய ஏட்டோடு ஒப்பிட்டு, தெரிந்த வரைக்குமாவது எண் போட முடியும். அதற்கு நாலு பேரும் ஒரு டேப்பும் மூன்று நாளும் போதும். ஆளும் டேப்பும் எங்களிடமே இருக்கிறது; அனுமதி மட்டும் தாருங்கள். அதுவரை அந்த இடத்தில் புதிதாக வெட்டாமல், நாலு கம்பு நட்டுக் கயிறு கட்டி வையுங்கள். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் செய்தால்தான் உண்டு.

இப்படிக்கு,
சின்ன வயதில் போனவர்களின் பள்ளித் தோழர்கள், தோழிகள்
சென்னை