கேசரி பவுடரும் மோட்டார் சண்டையும்

பாளையங்கோட்டை

ஏட்டி,

உன் கடிதத்துக்குப் பதில் போடாததற்கு நீ எத்தனை வசவு வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். நேரில் வரும்போது திட்டிக்கொள். அத்தானுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. பெரியவளுக்கு இன்னும் இடம் அமையவில்லை. என் முட்டு வலி அப்படியேதான். ஊர்ச் செய்தி அவ்வளவுதான்.

சங்கதி வேறே. அண்ணன் வளவுச் சாவியை என் கையில் கொடுத்துவிட்டு மகனோடு கோயம்புத்தூரில் போய் உட்கார்ந்துகொண்டான் இல்லையா? ஐந்து வீட்டு வாடகையோடு ஐந்து வீட்டு வழக்கும் எனக்கு வந்துவிட்டது. போன தடவை எல்லா வீட்டுக்கும் பொதுவான தண்ணீர் மோட்டாரின் கரண்டுக் காசைப் பங்கு போடும்போது மூன்றாம் வீட்டு அக்காவும் கடைசி வீட்டு ஆச்சியும் முட்டிக்கொண்டார்கள். "நான் ஒத்தைக் கட்டை. ஆறு பேர் இருக்கிற வீட்டுக்கும் எனக்கும் ஒரே பங்கா?" என்று ஆச்சி கேட்டாள். நியாயம்தானே? அக்கா உடனே, "நானா டேங்கை நிரம்பி வழிய விட்டேன்?" என்று ஆரம்பித்தாள். நம் குட்டை டீச்சர் இருந்திருந்தால் இரண்டு பேரையும் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பாள்.

'தண்ணீரையும் மின்சாரத்தையும் சிக்கனமாகப் பயன்படுத்தவும்' என்று அண்ணன் எழுதி மாட்டிய அட்டை இன்னும் தொங்குகிறது. யாரோ அதன் ஆணியில் கொடி கட்டி ஈரத் துண்டு காயப்போட்டிருக்கிறார்கள். அட்டையால் வந்த பிரயோசனம் அதுதான். புத்தி சொன்னால் யார் கேட்பார்கள்? அதனால் நான் வாயை மூடிக்கொண்டு கடையில் கேசரி பவுடர் வாங்கி வந்தேன்.

சிரிக்காதே. ஃப்ளஷ் டேங்கில் ஒரு சிட்டிகை போட்டுவிட்டு அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் பண்ணக் கூடாது. கீழே கோப்பையில் நிறம் இறங்கியிருந்தால் உள்ளே ரப்பர் போய்விட்டது என்று அர்த்தம். சத்தமே இல்லாமல் ராத்திரி பகலாகத் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டு வீட்டில் ஆரஞ்சு நிறம் இறங்கியது. பிள்ளைகள் போட்ட கூச்சலில் தெருவே வந்துவிட்டது. ரப்பர் மாற்றியது வீட்டுக்காரன் செலவில்தான், அண்ணன் முணுமுணுத்தான். முணுமுணுக்கட்டும்.

அப்புறம் அங்கணத்துக் குழாயில் சொட்டுகிற தண்ணீருக்கு ஒரு லிட்டர் மக்கை வைத்து, பக்கத்தில் கடிகாரத்தையும் வைத்தோம். ஒரு மணி நேரத்தில் மக் நிறைந்துவிட்டது. ஒரு நாளைக்கு 24 லிட்டர். மாசத்துக்கு 720 லிட்டர், பதினைந்து லிட்டர் குடத்தில் கிட்டத்தட்ட ஐம்பது குடம். லிட்டர் கணக்குச் சொன்னபோது ஆச்சி கொட்டாவி விட்டாள். குடக் கணக்குச் சொன்னதும் எழுந்து உட்கார்ந்தாள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் திருநெல்வேலி வண்ணார்பேட்டை, ஜங்ஷன் எல்லாம் ஆறாகக் கிடந்தபோது நாங்கள் குடிதண்ணீருக்குக் குடத்தோடு லாரி பின்னால் அலைந்தோமே, அதை அவள் மறக்கவில்லை.

கரண்டுக்கு மீட்டரே போதும். எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு மீட்டரின் சிவப்பு விளக்கைப் பார்க்கச் சொன்னேன், கரண்டு ஓடினால் அது மின்னும். இரண்டாம் வீட்டில் அது மின்னிக்கொண்டே இருந்தது. ரிமோட்டில் அணைத்த டிவியும் செட்டாப் பாக்ஸும்தான்! இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் பிள்ளைகள் மீட்டரைப் படித்து, படிக்குப் பக்கத்துச் சுவரில் வீட்டு வாரியாகச் சாக்பீஸில் எழுதுகிறார்கள். இரண்டு மாசத்தில் முதல் 100 யூனிட் இலவசம், சரி. ஆனால் 500ஐத் தாண்டினால், 101லிருந்து 200 வரை கிடைக்கிற குறைந்த விலையும் போய்விடும் என்று வளவில் ஒருத்தருக்கும் தெரியாது. அந்த 500ல் ஒரு கோடு போட்டிருக்கிறோம். அக்கா வீட்டுக்காரர் கோட்டை நெருங்கும்போதெல்லாம் ஏசி ரிமோட்டை ஒளித்துவைக்கிறாராம்.

ஆனால் ஒரு விஷயம் என்னை உறுத்துகிறது. ஆச்சி வீட்டு ஃபேன் பழசு, 75 வாட். இந்த வெயிலில் ஒரு நாளைக்கு இருபது மணி நேரம் ஓடினால் ஒன்றரை யூனிட், இரண்டு மாசத்தில் 90. அவளுக்குக் கிடைக்கிற இலவசத்தைக் கிட்டத்தட்ட முழுசாக அந்த ஒரு ஃபேனே தின்றுவிடுகிறது. புதுசாக வருகிற, கரண்டு குறைவாகத் தின்கிற பிஎல்டிசி ஃபேன் முப்பது வாட் சுமாரில் ஓடுகிறது, 36 யூனிட்டில் முடிந்துவிடும். ஆனால் யார் வாங்குவது? ஃபேன் அண்ணனுடையது, பில் ஆச்சியுடையது. பில் கட்டாதவனுக்குப் புது ஃபேன் எதற்கு? நாளைக்கே காலி பண்ணலாம் என்றிருப்பவளுக்கு அடுத்தவன் வீட்டில் ஃபேன் மாட்ட என்ன பைத்தியமா? இந்த இடத்தில் கேசரி பவுடரும் சாக்பீஸும் ஒன்றும் செய்யாது. ஃபேனை அணைத்து வையுங்கள் என்று அந்த வயசில் அவளிடம் சொல்ல எனக்கு நாக்கு வராது. பாதிப் பணத்தை நாம் போட்டு, மீதியை ஆச்சியிடம் வாடகையோடு கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொள்ளலாம் என்று அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன். 'பார்க்கலாம்' என்றான். அவன் பார்க்கலாம் என்றால் என்ன என்று உனக்கே தெரியும்.

நீயும் தென்காசியில் இரண்டு போர்ஷன் வாடகைக்கு விட்டிருக்கிறாய், மகராசி. சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எவ்வளவு வாங்குகிறாய் என்று உண்மையைச் சொல். மோட்டார் ஒரு எச்பியா, அரையா? ஒரு எச்பி என்றால் மணிக்குச் சுமார் ஒரு யூனிட். டேங்க் வழிகிற நேரமெல்லாம் காசுதான். டேங்க் நிறைந்ததும் கத்துகிற அலாரம் மாட்டு, விலை ஒன்றும் பெரிசில்லை. பழைய ஃபேன் எத்தனை மாட்டி வைத்திருக்கிறாய் என்றும் எழுது. அண்ணனிடம் காட்ட வேண்டும், நீ மாற்றிவிட்டாய் என்றால் அவனுக்கு ரோஷம் வரும்.

இப்படிக்கு,
உன் பழைய பெஞ்சுக்காரி