புறநகர் வரைபடத்தில் வாய்க்காலை முதலில் வரையக் கோரும் மனு

அனுப்புநர்
ஓய்வுபெற்ற நில அளவர்,
மேலூர் சாலைப் பகுதி,
மதுரை.

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
மதுரை – 625 020.

பொருள்: மதுரையின் விளிம்பில் புதிய குடியிருப்புப் பகுதிகளை வகுக்கும்போது துண்டு துண்டாக மனைப் பிரிவுகளுக்கு அனுமதி தராமல், நீர்வழிகளை முதலில் குறித்து, முழுப் பரப்புக்கும் ஒரே வரைபடம் தயாரிக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். நான் நில அளவைத் துறையில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மதுரை வடக்கிலும் மேலூர் வட்டத்திலும் நான் அளவுச் சங்கிலி இழுக்காத வரப்பு குறைவு. ஒத்தக்கடையைத் தாண்டி எங்கள் ஊர்ப் பக்கம் நடவு நின்றுபோன வயல்களில் இப்போது மனைக்கல் ஊன்றிவருகிறார்கள். வாரக் கடைசியில் வேன் வைத்து ஆட்களை அழைத்து வந்து, பந்தல் போட்டு, சாப்பாடும் கொடுத்து இடம் காட்டுகிறார்கள்.

வீடே வேண்டாம் என்று சொல்ல இந்த மனுவை எழுதவில்லை. என் மகனுக்கும் வீடு வேண்டும். நகரத்துக்குள் அவன் சம்பளத்தில் அரை சென்ட் வாங்க முடியாது. புறநகர் வரட்டும். அங்கே எது முதலில் வருகிறது, எது பின்னால் வருகிறது என்பதில்தான் எனக்குக் கவலை. அதற்குக் காரணம் என் சொந்த அனுபவம். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

1994இல் நகரின் வடக்கே ஒரு மனைப் பிரிவில் ஐந்து சென்ட் வாங்கினேன். அளப்பதே என் தொழில், விடுவேனா? நில எல்லை காட்டும் புலப்படம் பார்த்தேன், யார் நிலம், எவ்வளவு பரப்பு என்று சொல்லும் அ-பதிவேடு பார்த்தேன், நாலு பக்கமும் கல்லைத் தேடிப் பிடித்து நானே அளந்தேன். எல்லாம் சுத்தமாக இருந்தது. வீடு கட்டிக் குடிபோன மூன்றாம் வருடம் ஐப்பசியில் ஒரு ராத்திரி மழை. விடிந்து பார்த்தால் வாசல்படி மூன்றையும் காணோம். தண்ணீர் தேங்கி நின்றிருந்தால்கூடச் சகித்திருப்பேன். அது ஓடிக்கொண்டிருந்தது. பின்வீட்டுச் சுவரைச் சுற்றி, எங்கள் சமையலறை ஜன்னலுக்குக் கீழாக வந்து, முன்கேட் வழியாக, கோடு போட்ட மாதிரி ஓடியது.

பால் ஊற்ற வந்த பெரியவர் முழங்கால் தண்ணீரில் நின்றபடியே சொன்னார்: "தம்பி, இது மூணாம் மடை வாய்க்கால் போன தடம். இதுல எத்தனை வருஷம் நான் தண்ணி பாய்ச்சியிருக்கேன்." அவர் கண்மாய்த் தண்ணீரை வயல்களுக்குத் திறந்துவிடும் நீர்ப்பாய்ச்சியாக அந்த ஊரில் இருந்தவர். மனை போட்டவர்கள் அவரிடம் கேட்கவில்லை. அனுமதி கொடுத்தவர்களும் கேட்கவில்லை. ஆவணம் எழுதியவர் கேட்கவில்லை. அளக்கத் தெரிந்த நானும் கேட்கவில்லை.

படத்தில் ஏன் அந்த வாய்க்கால் இல்லை என்று பிறகு யோசித்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஓடைக்கும் பெரிய வாய்க்காலுக்கும் புறம்போக்கு என்று தனிப் புல எண் இருக்கும். மடையிலிருந்து, அதாவது கண்மாயின் பாசன மதகிலிருந்து, வயலுக்கு வயல் பிரிந்து போகும் சிறு வாய்க்கால்கள் பல இடங்களில் பட்டா நிலத்துக்குள்ளேயே ஓடுகின்றன. அவற்றுக்கு எண் கிடையாது. "என் வயல் வழியா உன் தண்ணி போகட்டும்" என்ற ஊர் வழக்கமே அவற்றுக்கு ஆவணம். விவசாயம் இருக்கும்வரை அது செல்லும். வயல் கைமாறியதும் வாய்க்காலும் சேர்ந்து விலைபோகிறது. வாங்குபவர் அதை மண் போட்டு நிரவுகிறார். அது தவறு என்று யாரும் அவரிடம் சொல்வதில்லை. 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் கண்மாயைக் காப்பாற்றும். எண்ணே இல்லாத இந்த வாய்க்காலைக் காப்பாற்ற யார் இருக்கிறார்கள்?

மதுரையின் வடக்கும் கிழக்கும் கண்மாய்ச் சங்கிலி. 1895இல் முல்லைப் பெரியாறு அணை வந்த பிறகு, வைகையில் உள்ள பேரணையிலிருந்து புறப்படும் பெரியாறு பிரதானக் கால்வாயின் தண்ணீரும் மேலூர்ப் பக்கத்துக் கண்மாய்களுக்கு வரத் தொடங்கியது. மேல் கண்மாய் நிறைந்து, உபரி நீர் வழிந்தோடும் கலுங்கு வழியாக மறுகால் பாய்ந்தால் கீழ்க் கண்மாய்க்கு வரத்து. அது நிறைந்தால் அடுத்தது. இந்தச் சங்கிலியின் நடுவில்தான் நாம் குடியிருப்புகளைச் செருகப் போகிறோம். "பாசனம் பெற ஆயக்கட்டு வயலே இல்லையே, மடையை அடைத்துவிட்டால் முடிந்தது" என்று மனை விற்பவர்கள் பேசக் கேட்டிருக்கிறேன். மடையை அடைக்கலாம். கலுங்கை அடைக்க முடியுமா?

நகரத்துக்குள் இதை ஏற்கெனவே செய்து பார்த்தாயிற்று. தல்லாகுளத்தில் இப்போது பெயரில் மட்டும்தான் குளம் இருக்கிறது, அந்தக் கண்மாய் இருந்த இடத்தில் மாநகராட்சி அலுவலகம் இருக்கிறது. 2004இல் திறக்கப்பட்ட உயர் நீதிமன்றக் கிளை நிற்பது உலகனேரிக் கண்மாயில். அந்தக் கிளையே பின்னர் நீர்நிலைகளைக் காக்கச் சொல்லிப் பல உத்தரவுகள் போட்டது வேறு கதை. 2024 அக்டோபர் கடைசியில் ஒரு மாலை பெய்த மழையில் செல்லூரும் பீ.பீ.குளமும் ஆலங்குளமும் பட்ட பாட்டைத் தாங்கள் அறிவீர்கள். செல்லூர்க் கண்மாயின் உபரி நீர் பந்தல்குடி வாய்க்கால் வழியாக வைகைக்குப் போக வேண்டும். இருபுறமும் வீடுகள் நெருக்கிய பிறகு அந்த வாய்க்காலை அகலப்படுத்துவது எவ்வளவு பெரிய பாடு என்பதும் தெரிந்ததே. எங்கள் ஊர் வயல்களில் இன்னும் வீடுகள் வரவில்லை. அதனால்தான் இப்போதே எழுதுகிறேன்.

ஒரு சின்னக் கணக்கு. புதிய குடியிருப்பு 100 ஏக்கர் என்று வைத்துக்கொள்வோம். அதில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் விழுவது நான்கு கோடி லிட்டர் தண்ணீர். 12,000 லிட்டர் லாரியில் ஏற்றினால் 3,300 லாரிகளுக்கு மேல் வேண்டும். வயலாக இருந்தபோது அந்தத் தண்ணீரை ஒரு சாண் வரப்பு பிடித்து நிறுத்தியது. 10 சென்டிமீட்டர் என்பது அரைச் சாண்கூட இல்லை. வரப்பை எடுத்து, வாய்க்காலை மூடி, தரைக்கு சிமென்ட் பூசிவிட்டால் இவ்வளவு தண்ணீரும் தெருவுக்கு வருகிறது. தமிழ்நாட்டில் 2003 முதல் வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பு கட்டாயம். நல்ல ஏற்பாடு, ஆனால் கூரைத் தண்ணீருக்குத்தான் அது. தெருத் தண்ணீருக்கும், மேல் கண்மாயிலிருந்து வரும் மறுகாலுக்கும் அது பதில் இல்லை.

இப்போதுள்ள விதிகளில் என்ன கோளாறு என்று கேட்கலாம். 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் நல்லவை நிறைய உண்டு. மனைப் பிரிவு 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால், சாலை போக மீதியில் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். 3,000 முதல் 10,000 வரை என்றால் இடத்துக்குப் பதில் அதன் அரசு வழிகாட்டி மதிப்பைப் பணமாகக் கட்டலாம். 3,000க்குள் ஒன்றும் வேண்டாம். 3,000 சதுர மீட்டர் என்பது ஏறத்தாழ 74 சென்ட், 10,000 என்பது இரண்டரை ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. அப்புறம் என்ன நடக்கும் என்று சொல்லவா வேண்டும்! இங்கே 70 சென்ட், அதற்கு அடுத்து இரண்டு ஏக்கர், அதற்கும் அடுத்து வேறு பெயரில் இன்னொரு இரண்டு ஏக்கர் என்று அனுமதி வாங்குகிறார்கள். பத்து வருடம் கழித்துப் பார்த்தால் 100 ஏக்கருக்கும் வீடு இருக்கிறது, பூங்காவுக்கு ஒரு சென்ட் இல்லை. ஒரு மனைப் பிரிவின் சாலை அடுத்ததன் சுற்றுச்சுவரில் முட்டி நிற்கிறது. 24 அடிச் சாலையில் இருபுறமும் கார் நிறுத்தியிருந்தால், எதிரெதிரே இரண்டு கார் வந்தாலே ஒன்று பின்னால் போக வேண்டும். அங்கே டவுன் பஸ் எங்கே திரும்பும்? நான் குடியிருக்கும் பகுதியில் பிள்ளைகள் இன்றும் ஷேர் ஆட்டோவுக்காக மெயின் ரோடு வரை நடக்கிறார்கள்.

ஆகவே என் முதல் கோரிக்கை இதுதான். குடியிருப்பாக மாறப்போகும் பரப்பு எதுவாக இருந்தாலும், 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம் இடம் தருகிறபடி அதற்கு விரிவான வளர்ச்சித் திட்டம் ஒன்றை முழுமையாக வரைந்துவிட்டு, அதன் பிறகே தனித்தனி மனைப் பிரிவுகளுக்கு அனுமதி தர வேண்டும். அந்தப் படத்தில் முதல் கோடு வாய்க்காலாக இருக்கட்டும். அடுத்தது பேருந்து போகும் பெரிய சாலை. அதற்கும் பிறகு தெருக்கள், மனைகள்.

வாய்க்காலை வரைய அலுவலக அலமாரியில் இருக்கும் புலப்படம் போதாது. வருவாய்த் துறை, நில அளவை, நீர்வளத் துறை, நகர் ஊரமைப்பு, உள்ளாட்சி எல்லோரும் சேர்ந்து இடத்தைப் பார்க்க வேண்டும். கூடவே அந்தந்த ஊரின் பழைய நீர்ப்பாய்ச்சிகளையும் ஆயக்கட்டு விவசாயிகளையும் அழைத்துக்கொள்ள வேண்டும். அவர்களில் பலருக்கு எழுபது வயது கடந்துவிட்டது, தள்ளிப்போட நேரம் இல்லை. பார்வையிடும் மாதமும் முக்கியம். என் பணிக்காலத்தில் இந்த மாதிரி ஆய்வுகள் பெரும்பாலும் வெயில் காலத்தில்தான் நடந்தன. நாங்களும் சேறு இல்லாத நாளாகப் பார்த்துத்தான் போவோம், ஒப்புக்கொள்கிறேன். பங்குனி, சித்திரையில் எந்த நிலமும் மேடாகத்தான் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு மழைக்கு மறுநாள் போனால் படமே வேண்டாம், தண்ணீரே வழிகாட்டிவிடும். அப்படிக் கண்ட தடங்களைப் பட்டா நிலத்தில் இருந்தாலும் அளந்து, கல் ஊன்றி, மனைப் பிரிவு அனுமதியின்போது மழைநீர் வடிகாலாக உள்ளாட்சிக்கு எழுதி வாங்க வேண்டும். இந்த இடத்தைத் திறந்தவெளிப் பங்கில் கழித்துக்கொள்ள விடக் கூடாது. பூங்கா வேறு, வாய்க்கால் வேறு.

பூங்காவைப் பற்றியும் ஒரு யோசனை. 100 ஏக்கரில் சாலைக்கு 30 ஏக்கர் போனால் திறந்தவெளி ஏழு ஏக்கர் வரும். அதை மூலைக்கு மூலை பிய்த்துப் போடாமல், தாழ்வான இடத்தில் ஒன்றாக ஒதுக்கி, விளையாட்டுத் திடலை இரண்டு அடி பள்ளமாக அமைத்தால், அதிலேயே ஏறத்தாழ ஒன்றே முக்கால் கோடி லிட்டர் நிற்கும். மேலே சொன்ன நான்கு கோடியில் இது பாதிக்குக் கொஞ்சம் குறைவு. வருடத்தில் நாலைந்து நாள் பிள்ளைகள் விளையாட முடியாது, அவ்வளவுதான்.

மட்டம் பற்றியும் எழுத வேண்டும். புதிதாக வீடு கட்டுகிறவர் தெருவைவிட இரண்டு அடி உயர்த்துகிறார். அடுத்து வருகிறவர் அவரைவிட ஒரு அடி. பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே புதுத் தார் போடுவதால் தெருவும் வருடத்துக்கு வருடம் ஏறுகிறது. கடைசியில் முதலில் கட்டியவன் கிணற்றுக்குள் இருக்கிறான். அந்த முதல் ஆள் நான்தான். ஒவ்வொரு தெருவின் மட்டமும் வரைபடத்திலேயே குறிக்கப்பட்டு, தெருமுனையில் ஒரு கல்லில் வெட்டி வைக்கப்பட வேண்டும். அந்தக் கல்லுக்கு மேல் சாலை ஏறக் கூடாது. அரசுக்கு இதில் பெரிய செலவு இல்லை, கொஞ்சம் பிடிவாதம் போதும்.

கழிவுநீரைச் சொல்லாமல் விட்டால் மனு முழுமையாகாது. ஆயிரம் வீடு, வீட்டுக்கு நாலு பேர், ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று கணக்கிட்டால், அதில் எண்பது சதவீதம் கழிவாகத் திரும்பும். நாளொன்றுக்கு நாலே கால் லட்சம் லிட்டருக்கு மேல். 2011இல் மாநகராட்சியோடு சேர்க்கப்பட்ட ஆனையூர், அவனியாபுரம், திருப்பரங்குன்றம் பகுதிகளில் பாதாளச் சாக்கடை வேலை பத்து ஆண்டு கழித்தும் நடந்தது. ஊராட்சியாக இருக்கும் எங்கள் பக்கத்துக்கு எப்போது வரும் என்று யாரும் சொல்லப் போவதில்லை. அதுவரை செப்டிக் டேங்க் லாரிதான். அந்த லாரி இருட்டில் எந்தக் கண்மாய்க் கரையில் நிற்கிறது என்பது ஊருக்கே தெரியும். ஆகவே சிறிய அளவில் ஒரு சுத்திகரிப்பு நிலையத்துக்கு இடமும் குழாய் போகும் வழியும் வரைபடத்தில் இருக்க வேண்டும். அது ஓடத் தொடங்கிய பிறகே குடியேற விட வேண்டும்.

ஒரு ஹெக்டேரைத் தாண்டும் மனைப் பிரிவில் பத்து சதவீதம் பொருளாதாரத்தில் நலிந்தோருக்கு ஒதுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. நான் பார்த்த படங்களில் அந்தச் சின்ன மனைகள் பெரும்பாலும் கடைசி வரிசையில், ஓடைக்கரையில்தான் இருக்கின்றன. வெள்ளம் வந்தால் முதலில் நனைவது அவர்கள். மட்டம் உயர்ந்த பக்கம், பேருந்துச் சாலைக்குப் பக்கத்தில் அவர்களுக்கு இடம் தர உத்தரவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இவை எல்லாம் ஒரே துறையின் கையில் இல்லை என்பது எனக்குத் தெரியும். நகர் ஊரமைப்பில் கேட்டால் வருவாய்த் துறை என்பார்கள், அங்கே போனால் நீர்வளத் துறை என்பார்கள். நானும் அப்படிச் சொல்லி ஆட்களை அனுப்பியவன்தான். எல்லாத் துறைகளையும் ஒரே மேசையில் உட்கார வைக்கத் தங்களால் முடியும் என்பதால் இந்த மனுவைத் தங்களிடம் தருகிறேன்.

எங்கள் ஊர்க் கண்மாயின் மூன்று மடைகளிலிருந்தும் பிரியும் வாய்க்கால்களை நானும் ஊரின் நீர்ப்பாய்ச்சிகள் இருவரும் நடந்து பார்த்துக் கையால் வரைந்த படத்தை இத்துடன் இணைத்துள்ளேன். புலப்படத்தில் இல்லாத தடங்களைச் சிவப்பு மையில் காட்டியிருக்கிறேன். அவற்றில் இரண்டின் மேல் மனைக்கல் ஊன்றியாயிற்று, இன்னும் வீடு எழவில்லை. வரும் ஐப்பசியில் ஒரு நாள் தாங்களோ தங்கள் அலுவலர்களோ வருவதாக இருந்தால் முதல் நாள் சொல்லி அனுப்பினால் போதும். சங்கிலியோடு கலுங்கடியில் காத்திருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)
ஓய்வுபெற்ற நில அளவர்

இடம்: மதுரை
நாள்:

இணைப்பு: கையால் வரைந்த வாய்க்கால் படம் – 1
நகல்: நகர் ஊரமைப்பு அலுவலகம், மதுரை, நீர்வளத் துறை அலுவலகம், மதுரை.