கடைசி ஐந்து மில்லிகிராம்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்தது. மகளுக்கு வேலை கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம். இனி உன் விஷயம்.

மனச்சோர்வுக்குச் சாப்பிட்டுவந்த எஸ்சிட்டலோபிராம் மாத்திரையை விட்ட நாலாம் நாளே தலைச்சுற்றல், கண்ணைச் சட்டென்று திருப்பினால் மண்டைக்குள் ஷாக், விடிய விடியக் கனவு, காரணமில்லாத அழுகை. பழைய நோய்தான் திரும்பிவிட்டதோ என்று கேட்கிறாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மனச்சோர்வு திரும்புவதென்றால் பெரும்பாலும் வாரக்கணக்கில் மெல்ல வரும், ஷாக் அடித்துக்கொண்டு வராது. இது மருந்து நின்றதால் வருவது. மறுபடி தொடங்கினால் பெரும்பாலும் சில நாளில் அடங்கிவிடும்.

முதலில் மாத்திரை அட்டையைத் திருப்பிப் படி. பெயரோடு 'பிளஸ்' மாதிரி ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால், உள்ளே குளோனசெபாம் என்ற பதற்றத்தைத் தணிக்கும் மருந்தும் இருக்கலாம். நம் ஊரில் இந்தக் கூட்டு மாத்திரை சர்வசாதாரணம். அப்படியென்றால் நீ நிறுத்தியது இரண்டு மருந்தை! மாதக்கணக்கில் சாப்பிட்ட குளோனசெபாமைச் சட்டென்று விட்டால் வலிப்பே வரலாம். இன்றைக்கே டாக்டரிடம் போ. கூட்டு மாத்திரையை உடைத்துச் சாப்பிட்டுச் சமாளிக்கலாம் என்று நினைக்காதே. இரண்டும் சேர்ந்து குறையும், எதனால் எந்தத் தொந்தரவு என்றே தெரியாது. தனித்தனி மாத்திரையாக எழுதித் தரச் சொல். ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் குறைக்கவேண்டும்.

பத்து மி.கி.யிலிருந்து ஐந்து, ஐந்திலிருந்து பூஜ்யம், இரண்டும் ஒரே அளவு படியாகத்தான் தெரியும். மூளைக்கு அப்படியில்லை. ஹோரோவிட்ஸ், டெய்லர் என்ற இரண்டு மனநல ஆய்வாளர்கள் 2019-இல் எழுதிய கட்டுரையில், உன் மருந்துக்கு நெருங்கிய உறவான சிட்டலோபிராமுக்குக் கணக்கே போட்டிருக்கிறார்கள். 20 மி.கி. போட்டால் மூளையின் செரட்டோனின் கடத்திகளில் (செரட்டோனினைத் திரும்ப உறிஞ்சும் புரதங்கள், மருந்து தடுப்பது இவற்றைத்தான்) சுமார் 80 சதவீதம் மருந்தின் பிடியில் இருக்கும். 5.4 மி.கி.க்கு இறங்கினாலும் இன்னும் 60 சதவீதம். மிச்சமிருக்கும் அந்தத் துளியை விடும்போது அறுபதும் ஒரே அடியாகச் சரிகிறது. உன் மருந்து ஏறக்குறைய பாதி அளவிலேயே அதே வேலையைச் செய்யும். அதனால் அடிமட்டத்தில்தான் நிதானம் வேண்டும், பலர் அங்கேதான் அவசரப்படுகிறார்கள்.

டாக்டர் ஒப்புக்கொண்டால் 10, 7.5, 5, பிறகு 3.75, 2.5, 1.25 என்று இறங்கலாம். ஒவ்வொன்றிலும் இரண்டு முதல் நான்கு வாரம். தொந்தரவு அடங்காமல் அடுத்ததற்குப் போகாதே, தாங்கவில்லையென்றால் முந்தைய அளவுக்கே திரும்பு. ஐந்து மி.கி. மாத்திரையைக் கால் பங்காக்கினால் 1.25. சமையல் கத்தியால் நறுக்கினால் தூளாகிவிடும். மெடிக்கலில் மாத்திரை வெட்டும் சின்ன டப்பா கேட்டு வாங்கு. வென்லாஃபாக்சின் என்ற இன்னொரு மனச்சோர்வு மருந்து மாதிரி மெல்லக் கரையும் மாத்திரையை மட்டும் யாரும் உடைக்கக் கூடாது, முழு மருந்தும் ஒரேயடியாக இறங்கும்.

ஒருநாள் விட்டு ஒருநாள் போடலாமா என்கிறாய். வேண்டாம். இதன் அரை ஆயுள், அதாவது ரத்தத்தில் இருக்கும் மருந்து பாதியாகக் குறையும் நேரம், சுமார் 30 மணி. இரண்டு நாளில் ரத்தத்தில் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும், மறுநாள் திரும்ப ஏறும். தினமும் ஏற்ற இறக்கம் எதற்கு?

ஒரு நோட்டில் தேதி, அளவு, தூங்கிய நேரம், ஷாக் வந்ததா என்று மட்டும் குறித்து வை. டாக்டருக்கு அதுவே போதும். உயிரை விடலாம் என்ற நினைப்பு தலைகாட்டினால் எந்த நேரமானாலும் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416-க்கு அடி, தமிழில் பேசலாம். எனக்கும் அடி.

தலைச்சுற்றல் நிற்கும்வரை வண்டியைத் தொடாதே. டாக்டரிடம் போகவும் ஆட்டோதான்.

அன்புடன்,
முருகேசன்