சத்தம் பஞ்சில்தான் இருக்கிறது

ஜென்சா, பிரான்ஸ்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மாவுக்கும் நைனாவுக்கும் என் வணக்கத்தைச் சொல். இங்கே குளிர் இறங்கிவிட்டது, ஐந்து மணிக்கெல்லாம் இருட்டு. ராத்திரியில் ஊர்க் கூடத்தில் பூரே என்கிற நாட்டுப்புற ஆட்டம் வைப்பார்கள். அதற்கு வாசிப்பது, உனக்கு அனுப்பினேனே, கைப்பிடியைச் சுற்றி வாசிக்கிற தந்தி வாத்தியம், அந்த ஹர்டி-கர்டிதான். 1800களில் இதைத் தலைமுறையாகச் செய்தவர்கள் இருந்த ஊர் இது. அவர்கள் வீடு இப்போது மியூசியம்.

தகரத்தைச் சுரண்டுகிற மாதிரி சத்தம் வருகிறது என்று எழுதியிருந்தாய். தந்தியை மாற்றாதே, பஞ்சைப் பார். உன் வயலினில் வில் செய்கிற வேலையை இதில் மரச்சக்கரம் செய்கிறது. சக்கரம் தொடுகிற இடத்தில் தந்தி மேல் பஞ்சு இல்லாவிட்டால் கீச்சிடும். அதிகமானால் குரல் அடைத்துக்கொள்ளும், கைப்பிடியைச் சுற்றிய பிறகுதான் மெதுவாக நாதம் கிளம்பும்.

மெடிக்கல் ஷாப் பஞ்சு வேண்டாம், எண்ணெய்ப்பசை போக வெளுத்தது. மெத்தைக் கடை இலவம்பஞ்சு வழுக்கும். கொட்டை நீக்கிய நீள இழைப் பருத்திதான் வேண்டும். பின்னால் வைத்த விரல் தெரிகிற அளவுக்கு மெல்லிசாக ஒரு பிசிறு பிரித்து, தந்தியைச் சக்கரத்திலிருந்து தூக்கிப் பிடித்துச் சுற்று. விளக்குத் திரி மாதிரி முறுக்காதே, முண்டு விழுந்த இடம் கரகரக்கும். சக்கரம் சுழலும்போது பஞ்சு இறுக வேண்டும். அவிழ்ந்தால் எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருக்கிறாய். ராகத் தந்திக்கு மெல்லிசு, கனமான சுருதித் தந்திக்கு இன்னும் கொஞ்சம். சில நிமிடம் வாசித்தால் படியும். நாள்பட்டு ரோசின், அதாவது வில்லுக்குப் போடுகிற பிசின், ஏறிக் கட்டியானால் மேலேயே சுற்றாதே, முழுக்க உரித்துவிட்டுப் புதிதாகச் சுற்று.

ரோசின் உன் வில்லுக்குப் போடுவதே போதும். சக்கரத்தை மெதுவாகச் சுற்றிக்கொண்டு லேசாகத் தொட்டு எடு. சக்கர விளிம்பில் விரல் படவே கூடாது. கை எண்ணெய் பட்ட இடம் ஒவ்வொரு சுற்றிலும் சத்தத்தை விழுங்கும். ரோசின் போட்ட பிறகும் ஒவ்வொரு சுற்றிலும் ஏறி இறங்கினால் சக்கரத்தின் வட்டமே கோணியிருக்கலாம். நீயாக உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதே, செய்தவரிடம்தான் போக வேண்டும்.

பஞ்சு சரியாக இருந்தும் உறுமினால், தந்தி சக்கரத்தை ரொம்ப அழுத்துகிறது. தந்தியைத் தாங்குகிற குதிரையின் பள்ளத்தில், தந்திக்கு அடியில், பஸ் டிக்கெட் கனத்துக்கு ஒரு தாள் துண்டு வை. தம்பூராவில் ஜீவா நூலை மயிரிழை நகர்த்தினால் நாதம் திறக்கிறதே, அந்த அளவு நுணுக்கம். பிடிப்பில்லாமல் விசிலடித்தால் தாளை எடுத்துவிடு.

வேலூரில் ஐப்பசி மழை பிடித்தால் நரம்புத் தந்தி ஈரம் குடித்துச் சுருதி மாறும். முதலில் சுருதி சேர், பிறகு பஞ்சைத் தொடு.

இந்தக் கடிதத்தோடு ஒரு பிடி பஞ்சு வைத்திருக்கிறேன். பாதியைக் கைப்பழக்கத்துக்கு வைத்துக்கொள்.

இப்படிக்கு,
அண்ணன்