‘அம்மா வந்தாள்’: வேதமும் அடக்கப்பட்ட ஆசையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தி. ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’ பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, 1966இல் வெளியான அந்த நாவலை நடத்தை தவறிய ஒரு தாயின் கதை என்ற அளவில் சுருக்கி, கல்லூரி மாணவியருக்குப் பாடமாக வைக்கத் தக்கதன்று என முடித்திருந்தது. அந்த முடிவை என்னால் ஏற்க இயலவில்லை.

வேதபாடசாலையும் காசியும் அந்நாவலில் வெறும் பின்புலங்கள் அல்ல. அலங்காரத்தம்மாள் தன் மகன் அப்புவைச் சிறு வயதிலேயே வேதம் படிக்க அனுப்பியது, சிவசு என்பவரோடு தனக்கிருந்த தகாத உறவின் பாவம் மகன் ஓதும் வேதத்தால் தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கையில்தான். தாயின் உடல் கேட்டதற்கு மகனின் பிரம்மசரியம் ஈடாக வைக்கப்படுகிறது. வேதாந்தம் சொல்லிக் கொடுக்கும் கணவர் தண்டபாணியோ, எல்லாம் தெரிந்தும் வாய் திறப்பதில்லை. அவருடைய மௌனத்தைப் பெருந்தன்மை என்பார் உண்டு. எனக்கு அது அந்த வீட்டின் பெருங்கொடுமையாகவே படுகிறது.

கட்டுரையாளர் இந்து என்னும் பெண் பாத்திரத்தை ஒரே வரியில் கடந்துவிட்டார். விதவை மறுமணத்தை 1856இலேயே சட்டம் அனுமதித்திருந்தும் அக்கிரகாரத்து வழக்கம் அனுமதிக்காத காலத்து இளம் விதவை அவள். தன் ஆசையை மறைக்காமல் அவள் அப்புவிடம் சொல்லும்போது, அவன் தாயை முன்னிறுத்தி விலகுகிறான். அந்தத் தாயைப் பற்றிய உண்மையை அவன் முதலில் கேட்பதும் இந்துவின் வாயிலிருந்துதான். அவனைக் கட்டிப்போட்டிருந்தது சாத்திர விதியைக் காட்டிலும் அம்மா என்னும் தெய்வ வடிவம்தான் என்பதை இந்த இடத்தில் ஜானகிராமன் காட்டிவிடுகிறார். வேதத்தை அவர் எங்கும் இகழவில்லை. மனிதர்கள் தங்கள் குற்ற உணர்வை இறக்கிவைக்கும் சுமைதாங்கியாக அதை ஆக்கிக்கொள்வதைத்தான் பரிவோடு எழுதுகிறார். இறுதியில் மகனால் தன் பாவம் தீராது என்று கண்ட அலங்காரம், அப்போதும் தன் ஆசையைத் தானே மன்னித்துக்கொள்ள இயலாமல் காசிக்குப் புறப்படுகிறாள்.

இது தஞ்சை மண்ணின் கதை மட்டுமன்று. ஐப்பசித் திருக்கல்யாணத்தில் நம் நெல்லையப்பர் கோயில் காந்திமதியம்மை இறைவனை வேண்டித் தவமிருப்பதை நாம் ஊர்கூடிக் கொண்டாடுகிறோம். கல்யாணம் முடிந்து மஞ்சள் சரடு வழங்கும் நேரத்தில், இளவயதிலேயே தாலியிழந்த எங்கள் சின்ன ஆச்சி தூணோரமாக ஒதுங்கி, தட்டு கடந்து போகும்வரை கைகளை வெள்ளைச் சேலையின் முந்தானைக்குள் வைத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அம்மையின் ஆசைக்கு விழா எடுக்கும் ஊரில் ஆச்சிக்கு அப்படியொன்று இருந்திருக்கும் என்று எவரும் நினைத்துப் பார்த்ததில்லை.

நெல்லைச் சீமையின் புதுமைப்பித்தன் ‘சாப விமோசனம்’ கதையில், சீதையைத் தீக்குளிக்கச் சொன்னான் இராமன் என்று கேட்ட அகலிகையை மீண்டும் கல்லாக்கினார். தமிழாசிரியராக அக்கதையை வகுப்பில் நடத்தியிருக்கிறேன். மாணவியர் எழுந்து கேட்ட கேள்விகள் எந்த உரைநூலிலும் இல்லாதவை. இந்துவையும் அலங்காரத்தையும் பற்றிக் கேட்கும் உரிமையும் அவர்களுக்கு உண்டு. ஆகவே, இந்துவின் பகுதிகளையும் இறுதிப் பகுதியையும் கணக்கில் கொண்டு விரிவான மறுவாசிப்பு ஒன்றைத் தங்கள் இணைப்பில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
பாளையங்கோட்டை.