கும்பகோணம் ஜெராக்ஸ் கடை அக்காவுக்கு

2020 கொரோனா ஊரடங்கில் திருப்பூர் பனியன் கம்பெனி வேலை போய், பாபநாசம் பக்கத்தில் எங்கள் ஊருக்கே வந்துவிட்டேன். அந்த ஆண்டு மேட்டூர் அணை ஜூன் 12-ஆம் தேதியே திறந்ததால் ஊரெங்கும் குறுவை மும்முரம். தையல் மிஷினில் உட்கார்ந்து பழகியவனை நடவுக்கு யார் கூப்பிடுவார்கள்?

இ.எஸ்.ஐ. என்ற அரசுக் காப்பீட்டில் உள்ள, வேலையிழந்த தொழிலாளர்களுக்குச் சராசரி தினக்கூலியில் பாதியை, அதிகபட்சம் 90 நாட்களுக்குத் தருகிறார்கள் என்று செப்டம்பரில் கேள்விப்பட்டு, ஆதார் நகல் எடுக்க உங்கள் கடைக்கு வந்தேன், அக்கா. "எதற்குத் தம்பி?" என்றீர்கள். சொன்னதும் கம்ப்யூட்டரில் அறிவிப்பைத் தேடியெடுத்து முழுவதும் படித்தீர்கள். கம்பெனியில் கையெழுத்துத் தர மாட்டேன் என்கிறார்கள் என்று புலம்பினேன். "அது இப்போது வேண்டாம், கிளை அலுவலகத்தில் நேரடியாகவே கொடுக்கலாம்" என்று திரையில் அந்த வரியைத் தொட்டுக் காட்டினீர்கள். பாஸ்புக்கில் ஐ.எஃப்.எஸ்.சி. எண் மங்கியிருந்ததைக் கவனித்து, மறுபடி அடர்த்தியாக நகல் எடுத்தீர்கள். கையெழுத்துப் போடவேண்டிய இடங்களில் பென்சிலால் சின்னச் சின்னப் பெருக்கல் குறி! பின்னால் நின்றவர் முணுமுணுத்தார். அவர் அவசரம் அவருக்கு. நீங்கள் காதில் வாங்கவே இல்லை. நகலுக்கு மட்டும்தான் காசு வாங்கினீர்கள்.

பணம் கணக்கில் ஏறியது, மளிகை பாக்கி அடைந்தது. சொல்ல வந்தபோது அங்கே வேறு கடை இருந்தது. கும்பகோணத்துக்காரர்கள் யாருக்காவது இந்த அக்காவைத் தெரிந்தால் இதைக் காட்டுங்கள். அக்கா, பாபநாசம் பக்கம் வந்தால் எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும்.